சமயப் பிரசாரமும் நமது கடனும்

ஓர் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர் தம் விழா மலரிலே கிறிஸ்தவ சமயப் பிரசாரத்தைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எமது துணிபு. யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரிகள் பெரும்பாலும் அப்பிரசாரத்துக்கு விடையாகவே தோன்றியவை. 1848ஆம் ஆண்டிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், 1888ஆம் ஆண்டிலே சைவ பரிபாலன சபை தோன்றியதும், அடுத்த ஆண்டிலே "இந்து சாதனம்" என்னும் பத்திரிகை வெளிவந்ததும், ஆங்கிலக் கல்வியை நாடிய சைவப் பிள்ளைகள் தம் நெற்றியின் திருநீற்றை அழியாது கற்றற்பொருட்டுக் கல்லூரிகள் எழுந்ததும் ஒரே தொடரின் கண்ணிகளாம். வினா இல்லாத இடத்து விடை தோன்றாது. ஆதலின், நம்மை உண்டாக்கிய வினா இன்று எந்நிலையில் உள்ளது என ஆராய்தல் விழாக் காலத்துக்கு ஏற்ற செயலேயாம்.

அவ்வினா மறைந்துவிடவில்லை; உருமாறியிருக்கின்றது. சந்தைக்கு அருகே மரநிழலில் நின்று துண்டுப் பிரசுரம் வழங்கிய வெள்ளைக்காரப் பாதிரியார் இன்று இல்லை. அவருக்குப் பதிலாக, நம் ஊரிற் பிறந்து நம் மொழியையே பேசும் போதகர் ஒருவர், அயல்வீட்டு விறாந்தையிலே செபக்கூட்டம் நடத்துகின்றார். அவருடைய பிரசங்கம் கைப்பேசியின் வாயிலாகக் கடல் கடந்தும் கேட்கப்படுகின்றது. இதனைக் கண்டு நம்மவருட் சிலர் வெகுண்டு, மதமாற்றத்தைச் சட்டத்தால் தடுத்தல் வேண்டும் என முழங்குகின்றனர். வேறு சிலர், எம்மதமும் சம்மதம் என்று கூறி வாளாவிருக்கின்றனர். இருசாராரும் அப்பிரசாரத்தை உற்று நோக்கினார் அல்லர். அதன் வழிகளுள் எது நேரியது, எது நேரியதன்று, அதற்கு நாம் இறுக்க வேண்டிய விடை யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். எமது முடிபை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம். ஓர் ஆன்மாவைப் பரிசு காட்டி ஒரு சமயத்துட் புகுத்தவும் இயலாது. சட்டம் காட்டி ஒரு சமயத்துள் நிறுத்தி வைக்கவும் இயலாது. இவ்விரண்டனையும் நமது நாட்டு வரலாறே மெய்ப்பித்திருக்கின்றது.

போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். கோயில்கள் இடிக்கப்பட்டன, மக்கள் கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். 1658ஆம் ஆண்டிலே அவர்களை வென்று வந்த ஒல்லாந்தர், தமது புரட்டஸ்தாந்து சமயத்தைப் பள்ளிக்கூடத்தோடும் உத்தியோகத்தோடும் பிணைத்தனர். ஞானஸ்நானம் பெறாதார்க்கு உத்தியோகம் எட்டாக் கனியாயிற்று. விவாகம் முதலியனவும் அச்சமயப் பதிவையே வேண்டி நின்றன. இடாப்பிலே கிறிஸ்தவர் தொகை பெருகிற்று. ஆயின், 1795ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்ற, அக்கட்டாயம் தளர்ந்தது. தளர்ந்ததும் அவ்விடாப்புக் கிறிஸ்தவருள் மிகப் பலர் சைவராகவே வெளிப்பட்டனர். ஒன்றரை நூற்றாண்டாக உத்தியோகத்தைப் பரிசாக வைத்து வளர்த்த சமயம், பரிசு நீங்கியபோது தானும் நீங்கிற்று.

இதன் மறுபுறத்தையும் நோக்குக. அவ்வொல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைச் சட்டத்தாற் தடைசெய்தனர். குருமாரை நாட்டைவிட்டு அகற்றினர். தடையிருந்த அக்காலத்திலே, 1687ஆம் ஆண்டிலே, கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளர் கோலத்திலே இலங்கைக்கு வந்தார். சில்லாலை முதலிய ஊர்களிலே இரவிற் கூடிய மக்களுக்குப் பூசை செய்தார். பின்னர்க் கண்டி சென்று, அங்கே அம்மைநோய் பரவியபோது பிறர் அஞ்சி விட்டோடிய நோயாளரைத் தம் கையாற் பராமரித்து, 1711ஆம் ஆண்டிலே அந்நகரிலேயே மறைந்தார். அவரிடம் அதிகாரமும் இல்லை, பொருளும் இல்லை. ஒல்லாந்தர் வளர்த்த இடாப்புச் சபை கரைந்தது. ஒல்லாந்தர் ஒடுக்கிய கத்தோலிக்க சபை இன்றும் நிலைபெற்றுள்ளது. 2015ஆம் ஆண்டிலே கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவ்வடிகளைப் புனிதர் என அறிவித்தார். ஒல்லாந்தர் கொடுத்த பரிசு எதனை ஆக்கிற்று, அவர் இட்ட தடை எதனை அழித்தது என வினவுவார்க்கு இவ்வரலாறு போதிய விடையாகும்.

ஆங்கிலேயர் காலத்துப் பிரசாரம் வேறு வழிகளைக் கைக்கொண்டது. 1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டைச் செமினரி, 1824ஆம் ஆண்டிலே உடுவிற் பெண்கள் பாடசாலை, 1841ஆம் ஆண்டிலே "உதயதாரகை" என்னும் பத்திரிகை எனக் கல்வியும் அச்சும் சமயப் பிரசாரத்தின் கருவிகளாயின. செமினரியிலே வான சாத்திரமும் கணிதமும் தமிழிலக்கியமும் உயர்ந்த முறையிற் கற்பிக்கப்பட்டன. ஆயின், 1855ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து அண்டர்சன் பாதிரியார் தலைமையில் வந்த தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி போதகரை ஆக்காது உத்தியோகத்தரையே ஆக்குகின்றது எனக் கருதியமையால் அது மூடப்பட்டது. அதே செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, கிறிஸ்தவச் சூழலினின்றும் சைவத்துக்கு மீண்டு, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையைப் பதிப்பித்து உதவினார். கல்வியைத் தூண்டிலாகக் கொண்டவர்க்கு அது இழப்பாகத் தோன்றியிருக்கலாம். தமிழுக்கு அது பெரும் பேறாயிற்று. மெய்யாகக் கற்பிப்பவன், மாணாக்கன் தான் விரும்பும் முடிபுக்கே வருவான் என்று எதிர்பார்த்தல் கூடாது. இவ்வுண்மையை இந்துக் கல்லூரியினராகிய நாமும் மறத்தலாகாது.

அக்காலத்தவருள் தனித்து வைத்து எண்ணத்தக்கவர் கிறீன் வைத்தியர். 1847ஆம் ஆண்டிலே வந்து, மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873ஆம் ஆண்டுவரை இங்கே தொண்டாற்றினார். ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களை ஆக்கி, அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். தாம் சமயப் பிரசாரகர் என்பதை அவர் ஒருபோதும் மறைத்தாரல்லர்; தமிழர்க்கு மருத்துவ வழியில் நற்செய்தி உரைத்தவர் என்றே தம் கல்லறைக் கல்லிற் பொறிக்க விரும்பினார். அவரிடம் மருந்துண்டவருள் மிகப் பலர் சைவராகவே வாழ்ந்து சைவராகவே மறைந்தனர். ஆயினும் அவரை நினைந்து கசப்பவர் யாழ்ப்பாணத்தில் இலர். இது ஏன் என்பதை இன்றைய பிரசாரகர் சிந்தித்தல் வேண்டும். அவர் கொடுத்த மருந்துக்கு அவர் விலை கேட்கவில்லை. நம் மொழியைத் தாழ்வாக எண்ணவுமில்லை.

நாவலரவர்கள் இறுத்த விடையும் இவ்விடத்து நினைக்கற்பாலது. அவர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய நூலைத் தமிழாக்க உதவியவர். கிறிஸ்தவ நூலை ஐயந்திரிபறக் கற்ற பின்னரே கிறிஸ்தவர்க்கு மறுமொழி கூறினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் ஆகிய மூன்றையும் எதிராளியிடமிருந்தே எடுத்துச் சைவத்துக்கு உரியனவாக்கினார். பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். "யாழ்ப்பாணச் சமயநிலை" என்னும் பிரசுரத்திலே அவர் கடிந்தது பாதிரிமாரையன்று, கடமை மறந்த சைவரையேயாம். அவர் பெயரால் இன்று முழங்குவோருள் எத்தனை பேர் விவிலியத்தின் ஓர் அதிகாரத்தையேனும் படித்தவர்? எத்தனை பேர் ஒரு நாட் கஞ்சியேனும் காய்ச்சி வார்த்தவர்?

கிறிஸ்தவ உலகமும் நூறாண்டுக்கு முன் நின்ற இடத்திலே நிற்கவில்லை என்பதையும் நம்மவர் அறிதல் வேண்டும். 1910ஆம் ஆண்டிலே எடின்பரோ நகரிலே கூடிய உலக மிஷனரி மாநாடு, உலகம் முழுவதும் விரைவிற் கிறிஸ்து நெறிப்படும் என்னும் பெருநம்பிக்கையோடு கலைந்தது. நான்காண்டுகளுள் கிறிஸ்தவ நாடுகளே ஒன்றையொன்று அழிக்கப் புகுந்தன. 1938ஆம் ஆண்டிலே சென்னையை அடுத்த தாம்பரத்திலே அனைத்துலக மிஷனரி மாநாடு கூடியபோது, பிற சமயங்களிலே இறைவன் ஒளி உண்டோ இல்லையோ என்னும் வினாவே பெரிய வாதமாயிற்று. இல்லை என்னும் சார்பில் ஒல்லாந்த அறிஞர் கிறேமர் வாதிட, சென்னைக் கிறிஸ்தவ அறிஞர் சிலர் அதனை வன்மையாக மறுத்தனர். அடுத்த ஆண்டிலே நம்மூர் மருதனார்மடத்திலே கிறிஸ்த சேவாசிரமம் தோன்றி, ஆசிரம வாழ்வையும் தமிழ் இசையையும் எளிய உணவையும் வழிபாட்டோடு இணைத்தது.

தெல்லிப்பழையிற் பிறந்து, 1948ஆம் ஆண்டிலே அம்ஸ்ரடாமிலே கூடிய உலகத் திருச்சபை மன்றத்தின் முதல் மாநாட்டிலே உரையாற்றிய மெதடிஸ்த போதகர் டி. தி. நைல்ஸ் அவர்கள், நற்செய்தி உரைப்பவனைச் சோறு கிடைக்கும் இடத்தை மற்றொரு பிச்சைக்காரனுக்குக் காட்டும் பிச்சைக்காரனுக்கு ஒப்பிட்டார். கொடையாளி என்னும் செருக்கை இவ்வொப்புமை அடியோடு களைந்துவிடுகின்றது. 1965ஆம் ஆண்டிலே இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள மெய்யும் புனிதமும் மறுக்கத்தக்கன அல்ல என்றும், சமயத் துறையில் ஒருவரையும் வற்புறுத்தலாகாது என்றும் அறிவித்தது. 2011ஆம் ஆண்டிலே உலகத் திருச்சபை மன்றமும், வத்திக்கானின் சமய உரையாடற் பேரவையும், உலக சுவிசேஷ ஐக்கியமும் ஒன்றுகூடி, வறுமையையும் நோயையும் பயன்படுத்தி ஆள்சேர்த்தலைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஆகவே, கிறிஸ்தவர் யாவரையும் ஒரே கயிற்றாற் கட்டி ஏசுதல் நீதியன்று. அத்துமீறும் போதகரைக் கண்டிக்க வேண்டுமாயின், கிறிஸ்தவ சபைகள் தாமே ஒப்பிய அவ்வறிக்கை நம் கையிலே சான்றாக உள்ளது.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். பழைய சபைகள் பாடசாலை வழிப் பிரசாரத்தை ஏறத்தாழ விட்டுவிட்டன. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலன, சைவருடையனவும் கிறிஸ்தவருடையனவும், அரசாங்கத்தைச் சேர்ந்தமை அதற்கு ஒரு காரணம். இன்று ஊக்கமுடன் இயங்குவன சிறு சுயாதீனச் சபைகள். அவற்றிற்குக் கோபுரமும் இல்லை, நீண்ட வரலாறும் இல்லை. ஒரு வீட்டின் முன்னறை, சில பிளாஸ்ரிக் நாற்காலிகள், ஒரு மேளம், ஓர் ஒலிபெருக்கி, இவையே கருவிகள். உபவாச செபம், நோய் நீங்கவேண்டிச் செபித்தல், தம் வாழ்வில் நிகழ்ந்ததைக் கூறும் சாட்சி, வீடு வீடாகச் சந்திப்பு என்பனவே வழிகள்.

அங்கே செல்பவர் யாவர்? கணவன் குடியினால் அல்லற்படும் பெண். கடன் தீராத கமக்காரன். நோய் மாறாத தாய். 2009ஆம் ஆண்டிலே முடிவுற்ற போரிலே மகனை இழந்தும் அவன் உடலைக் காணாத பெற்றோர். இவர்கள் முதலிற் தேடிச் சென்றது புதியதொரு தத்துவத்தையன்று. தம் துயரை அருகிருந்து கேட்கும் ஒரு செவியையே. அச்செவியைக் கொடுத்தவர் போதகர். பாயிலே உடனிருந்தார், பெயர் சொல்லி விசாரித்தார், மறுநாளும் வந்தார். இதனைச் சூழ்ச்சி என்று கூறித் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், அழுகின்றவரின் அருகே சென்று இருத்தல் எந்தச் சமயத்திலும் அறமேயன்றிக் குற்றமாகாது.

குற்றமாவன வேறு. மருந்தை நிறுத்திச் செபத்தை மட்டும் நம்பு என்று கூறுதல் குற்றம். தலைமுறை தலைமுறையாக வணங்கிவந்த மூர்த்தியைப் பேய் என்று பழித்தல் குற்றம். பெற்ற தாயின் அந்தியேட்டியிலும் பங்குகொள்ளாதே என்று மகனைப் பிரித்தல் குற்றம். அரிசிப் பையை ஒரு கையிலும் பெயர்ப் பட்டியலை மறு கையிலும் வைத்திருத்தல் குற்றம். எல்லாப் போதகரும் இவற்றைச் செய்கின்றனர் என்று யாம் கூறவில்லை. செய்வார் உளர் என்பதைப் பழைய சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவ நண்பர்களே வருந்திக் கூறுகின்றனர். ஏனெனில் அவர்தம் மந்தையிலிருந்தும் ஆடுகள் இவ்வாறே பிரிக்கப்படுகின்றன.

நேரிய பிரசாரத்தையும் நேரல்லாத பிரசாரத்தையும் பிரித்தறிதற்கு மூன்று உரைகற்களைக் கூறுவோம். முதலாவது, துன்பத்தை விலைபேசாமை. ஆபத்துக்காலத்திற் கொடுக்கும் உதவி எந்தச் சமயக் கொள்கையையும் வளர்த்தற்குப் பயன்படுத்தப்படலாகாது என்பது 1994ஆம் ஆண்டிலே செஞ்சிலுவைச் சங்கத்தாரும் பிற தொண்டு நிறுவனத்தாரும் ஏற்ற ஒழுக்கவிதிகளுள் ஒன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி நம் கரையோரத்தை அழித்தபோது இவ்விதியின் அருமை எல்லார்க்கும் புலனாயிற்று. செபத்துக்கு வர மறுத்தவனுக்கும் அதே அளவு அரிசி கிடைக்குமாயின் அது தருமம். கிடைக்காதாயின் அது வாணிகம்.

இரண்டாவது, பிறர் சமயத்தை உள்ளவாறு கூறுதல். நமது சிவஞான சித்தியாரிலே அருணந்தி சிவாசாரியர் பரபக்கம் என ஒரு பகுதியை வகுத்து, மாற்றார் கொள்கையை அவர்தம் கூற்றாகவே முதலில் நிறுத்தி, அதன் பின்னரே மறுத்தார். தம் கொள்கையைச் சுபக்கத்திற் கூறினார். வாதத்திற்கு இதனினும் நேரிய முறை உண்டோ? சைவர் கல்லை வணங்குகின்றனர் என்று கூறும் போதகர் அம்முறையினின்றும் வழுவினார். கிறிஸ்தவர் காசுக்காக மாறியவர் என்று கூறும் சைவரும் அவ்வாறே வழுவினார். மூன்றாவது, வாயிலைத் திறந்து வைத்தல். ஒரு சபையிற் சேர்ந்தவன் ஐயுற்று வினவவும், மனம் மாறி மீளவும், தன் சுற்றத்தாரோடு கலந்து வாழவும் உரிமையுடையவனாதல் வேண்டும். உள்ளே வரும் வழி மட்டும் உடையதாய், வெளியேறும் வழி அடைபட்டதாய் இருக்கும் வீட்டைச் சிறை என்போமேயன்றி இல்லம் என்னோம்.

இவ்வுரைகற்களால் தவறெனக் காணப்படுவனவற்றைச் சட்டத்தால் ஒழிக்கலாமே என்பர் சிலர். ஏமாற்றிப் பொருள் பறித்தல், மருந்தைத் தடுத்து உயிர்க்கு ஊறு விளைத்தல், அச்சுறுத்தல் என்பன யார் செய்யினும் பொதுச்சட்டத்தின்படி தண்டிக்கத் தக்கன, அதில் ஐயமில்லை. மதமாற்றத்துக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்பதையே யாம் ஏற்கின்றிலோம். 2004ஆம் ஆண்டிலே நமது பாராளுமன்றத்திலே அத்தகைய மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கூறிற்று, அது நிறைவேறவில்லை. தமிழ்நாட்டிலே 2002ஆம் ஆண்டிலே பிறந்த மதமாற்றத் தடைச் சட்டமும் 2004ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டது.

தனிச்சட்டத்தை விரும்பும் சைவ அன்பர்கள் ஒன்றைச் சிந்திப்பாராக. இந்நாட்டிலே நாம் சிறுபான்மையினர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பதின்மூவர் அளவினரே இந்துக்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கின்றது. 2003ஆம் ஆண்டிலே ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைத்தற்கு வந்த மசோதாவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், தன் சமயத்தைக் கைக்கொண்டு ஒழுகும் உரிமை அரசியலமைப்பில் உண்டு, அதனைப் பரப்பும் உரிமை அங்குக் கூறப்படவில்லை எனத் தீர்ப்புரைத்தது. 2005ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அதனை ஏற்காது மாறுபட்டது. கன்னியர்க்கு இல்லை எனப்பட்ட அவ்வுரிமை சைவப் பிரசாரகர்க்கு மட்டும் உண்டென்று யார் உறுதி கூறுவர்? இன்று அயலான் மீது ஏவும் சட்டம் நாளை நம் வாயிலிலும் வந்து நிற்கும்.

அன்றியும், நாமும் பிரசாரகரே. 1893ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரிலே பேசிய விவேகானந்த சுவாமிகள் 1897ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தபோது இந்துக் கல்லூரியிலே அவரை வரவேற்று மகிழ்ந்தோம். 1949ஆம் ஆண்டிலே ஓர் அமெரிக்க இளைஞர் கொழும்புத்துறைக்கு வந்து யோகர் சுவாமிகளின் அருள்பெற்று, சுப்பிரமுனிய சுவாமிகளாகி, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றிலே சைவ ஆதீனம் நிறுவினார். அவர் பிறந்த நாட்டின் அரசாங்கம் அவரைத் தடுத்திருந்தால் நாம் எவ்வளவு வெகுண்டிருப்போம்! நமக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கு மறுத்தல் சைவ நீதியாகாது.

நமது சித்தாந்தமும் இதற்கு அரணாக நிற்கின்றது. சமயங்களைப் புறச்சமயம், அகச்சமயம் எனப் படிமுறையில் வைத்து, உயிர்கள் தத்தம் பக்குவத்துக்கேற்ப ஏறிச் செல்வன என்று கூறுவது சைவம். பக்குவம் வந்த காலத்திலே இறைவனே குருவாய் எழுந்தருளுவான் என்பது நம் ஆசிரியர் துணிபு. அது மெய்யாயின், அரிசி கொடுத்துப் பக்குவத்தை வருவித்தல் எங்ஙனம்? அபராதம் விதித்துப் பக்குவத்தைக் காத்தல் எங்ஙனம்?

அங்ஙனமாயின் நாம் செய்யவேண்டியது யாது? ஒரு சைவக் குடும்பம் செபக்கூட்டத்துக்குச் செல்லத் தொடங்கினால், போதகர் என்ன கொடுத்தார் என்று முதலில் வினவுகின்றோம். நாம் என்ன கொடுக்கவில்லை என்று வினவுதலே முறை. அவ்வினாவுக்கு வரும் விடைகளுள் மிகக் கசப்பானது சாதி. கோயில் வாயிலையும் பள்ளி வாயிலையும் ஒரு பகுதி மக்களுக்கு நெடுங்காலம் அடைத்து வைத்தவர் நாம். நாவலரவர்களும் அக்காலத்துச் சாதி வரம்பைக் கடந்தாரல்லர். மிஷன் பாடசாலைகளிலும் அவ்வரம்பு முற்றாக நீங்கவில்லை யெனினும், அங்கேனும் எழுத்தறியும் வழி இருந்தது. சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்னும் விதி வந்தபோது அதனை எதிர்த்தவர் சைவப் பெருமக்களே. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே வழிபட வந்தோர் தடுத்து நிறுத்தப்பட்டனர். சட்டம் திறந்த கதவை நம் மனமும் எங்கும் முழுமையாகத் திறந்துவிட்டது என நெஞ்சிற் கைவைத்துச் சொல்ல வல்லார் யார்? தன் வீட்டினுள் இடம் பெறாதவன் அயல்வீட்டிற்குச் சென்றான் என்று முறையிடுதற்கு வீட்டுக்காரனுக்கு என்ன நியாயம் உண்டு?

அடுத்தது, சமய அறிவு. நம் பிள்ளைகள் சமயபாடத்திலே உயர்ந்த புள்ளிகள் பெறுகின்றனர். நாயன்மார் அறுபத்துமூவர் என்று எழுதுகின்றனர். இறைவன் ஒருவனாயின் மூர்த்திகள் பலவாதல் ஏன் என்று ஒரு போதகர் கேட்டால் வாயடைத்து நிற்கின்றனர். பரீட்சைக்கு ஒப்புவித்த பாடம் வாழ்க்கையின் வினாவுக்கு விடையாகாது. ஒலிபெருக்கியிற் பாட்டுப் பெருகிய அளவுக்குக் கோயில் மண்டபங்களிலே விளக்கமான பிரசங்கம் பெருகவில்லை.

மூன்றாவது, தொண்டு. கும்பாபிஷேகத்துக்கும் கோபுரத்துக்கும் வெளிநாடுகளிலிருந்து வரும் பணத்திற் பத்திலொரு பங்காயினும் நோயாளர்க்கும் விதவையர்க்கும் சேர்கின்றதா? வழி காட்டியோர் நம்மிடை இல்லாமல் இல்லை. விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பிலே இராமகிருஷ்ண மிஷன் வழியாகக் கல்வித் தொண்டாற்றினார். சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் ஆலயத்தைப் பூசைக்குரிய இடமாக மட்டும் கொள்ளாது, ஆதரவற்ற சிறுமியர்க்கு இல்லம் அமைத்து, 2008ஆம் ஆண்டிலே மறையும்வரை அன்னையாய் இருந்தார். ஒரு கோயில் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு அதனினும் தெளிந்த பாடம் வேறில்லை. அப்பாடத்தைப் போற்றிப் பேசினோமேயன்றிப் பின்பற்றிய கோயில்கள் சிலவே.

பழைய மாணவர் சங்கத்தினர்க்கு எமது விண்ணப்பம் இதுவே. விழாவுக்கு விருந்தும் மலரும் வேண்டுவனவே. அவற்றோடு, ஒவ்வோர் ஊரிலும் பழைய மாணவர் சிலர் கூடி, வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் தனித்திருக்கும் முதியோரிடமும் செல்லும் வழக்கத்தைத் தொடங்குவாராக. திருமுறை ஓதுக, அதற்கு முன் அவர் கூறுவதைக் கேட்க. சாதி வினவாது செல்க. கிறிஸ்தவர் வீடாயினும் செல்க. அவ்விடத்திலே போதகர் ஒருவர் முன்னரே வந்து பாயில் இருப்பாராயின், அவரை வணங்கி அருகே அமர்க. துயருற்றவரின் இரு பக்கத்திலும் இருவர் இருத்தற்கு இடம் உண்டு.

கிறிஸ்தவ அன்பர்க்கும் ஒரு சொல். உங்கள் நெறியை உரைக்க உங்களுக்கு உரிமை உண்டு; அவ்வுரிமைக்காக நாமும் உடன்நின்று பேசுவோம். கிறீன் வைத்தியரைப் போல வாருங்கள். ஒல்லாந்தத் தேசாதிபதியைப் போல வாராதீர்கள். சைவ அன்பர்க்குக் கூற வேண்டியதும் அவ்வளவினதே. நாவலரவர்களைப் போலக் கற்று விடை கூறுங்கள். அவர் திறவாது விட்ட கதவையும் நீங்கள் திறவுங்கள். அதன் பின்னரும் ஒருவன் நம்மை விட்டு மனமுவந்து செல்வானாயின், வாழ்த்தி அனுப்புவோம். மீண்டு வந்தால் வினவாது வரவேற்போம்.